ஒரு கட்டிலுக்கு எந்த வாகனம்

இத்தனை வருடம் கடலில் ஒன்றும் ஆகாத மாமா, கரையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வள்ளத்தை மேலே இழுக்கும்போது கால் மணலில் புதைந்துவிட்டது. மாமா என்றால் என் கணவரின் தகப்பன். சல்லி என்ற கடற்கரை ஊரில் அவர் கட்டிய வீட்டில்தான் மாமியும் நாங்களும் எங்கள் இரண்டு வயது மகளும் இருக்கிறோம். திருகோணமலை ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கஷ்டம் அதன் பிறகுதான் தொடங்கியது. வார்ட்டில் அவர் சாப்பாட்டைத் தொடவில்லை. மாமி கட்டிக் கொடுத்த சோற்றில் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "என்னை வீட்ட கொண்டு போங்கோ" என்பதை மட்டும் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலைமாட்டை உயர்த்தி இறக்கக்கூடிய, இரண்டு பக்கமும் கம்பி வைத்த கட்டில் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு போகலாம் என்று டொக்டர் சொன்னார். அப்படி ஒன்று இல்லாவிட்டால் வார்ட்டிலேயே இருக்க வேண்டியதுதான். பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் அவருடைய கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது. கட்டில் வந்தால்தான் மாமா சாப்பிடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது.

கட்டில் மூதூரில் கிடைத்தது. அங்கே ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த சங்கம், நோயாளிகளுக்கான கட்டில்களை வைத்துத் தேவைப்பட்ட வீடுகளுக்குச் சும்மா கொடுக்கிறது. தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் சைவக்காரர் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அதை அவர்கள் கேட்கவே இல்லை. நோயாளி என்ன நிறை, வீட்டுக்குள் எவ்வளவு இடம் என்று மட்டும் கேட்டார்கள். வாகனம் எங்கள் பொறுப்பு. வீட்டு ஆள் ஒருவர் நேரில் வந்து கையேற்க வேண்டும். அடுத்த நாளே எடுக்காவிட்டால் கிண்ணியாவில் காத்திருக்கும் இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடும்.

கணவர் மாமாவோடு வார்ட்டில் நின்றார். ஆண்கள் வார்ட்டில் துணைக்கு ஆண்தான் நிற்கலாம். மாமிக்குத் தூரப் பயணம் ஒத்துவராது. ஆகவே வாகனம் பிடிக்கும் வேலை என்னுடையதானது. நான் உயர்தரம் வரை கணிதம் படித்தவள். ஒரு கட்டில் போக எவ்வளவு பெரிய வாகனம் வேண்டும் என்பது எனக்கு ஒரு கேள்வியாகவே இருக்கக்கூடாது. ஆனால் நான் கடையில் பாண் வாங்கிவிட்டு, மற்றக் கடைப் பாண் நன்றாக இருந்திருக்குமோ என்று வீடு வரை யோசித்துக்கொண்டு வருகிறவள்.

மாமிக்குச் சந்தேகமே இல்லை. "வலை ஏத்துற லேன்ட்மாஸ்டர் நிக்குதெல்லே. அதில ஏத்துறதுக்கு என்ன?" என்றார். அந்தக் கை உழவு இயந்திரம் மூதூருக்குப் போய் வருவதற்குள் மாமா தானே நடந்து வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை.

கணவர் போனில், "பெரிசா எடு. சின்னனை எடுத்துப் போட்டுப் பிறகு கொள்ளேல்லை எண்டு நிக்கக் கூடாது" என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. உடனே நகரத்தில் கன்டர் லொறி வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் எடுத்தேன்.

"என்ன சாமான் ஏத்துறது?"

"ஒரு கட்டில்."

"ஒரு கட்டிலோ? எத்தினை பேர் படுக்கிற கட்டில் பிள்ளை அது?"

பேசிவிட்டு வைத்த பிறகுதான் எங்கள் ஒழுங்கை நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வரும் ஒடுங்கிய மணல் பாதை. நடுவில் ஒரு மூலைத் திருப்பம். அங்கே ஒரு பக்கம் கிணற்றுக்கட்டு, மறுபக்கம் வேலி, மேலே தாழ்ந்து தொங்கும் கரண்ட் வயர். கன்டர் அதில் திரும்பாது. அதோடு பெரிய லொறியில் ஒற்றைச் சாமானை ஏற்றினால் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளும். எங்கள் கலியாணத்துக்கு வாங்கிய கண்ணாடி அலுமாரி அப்படித்தான் கண்ணாடி இல்லாமல் வந்து சேர்ந்தது. ஆகவே கன்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பட்டா என்று இங்கே எல்லோரும் சொல்லும் சின்ன லொறி ஒன்றை ஒழுங்கு செய்தேன். பிறகு அது போதுமா என்ற பயம் வந்தது.

முற்றத்து மணலில் ஈர்க்கால் பட்டாவின் பின்தட்டை அதே அளவில் கீறினேன். அதற்குள் பாயை விரித்துக் கட்டில் என்று வைத்தேன். மகள் ஓடிவந்து முன்பக்கம் உட்கார்ந்து ஓட்டத் தொடங்கினாள். மூதூரில் கட்டிலுக்குப் பொறுப்பான முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிட்டேன்; அவருக்கு மறுபடி போன் எடுத்தேன்.

"நானா, நீளம் ஆறேகால் அடி எண்டுதானே சொன்னீங்கள்?"

"ஓம் தங்கச்சி. காலையில சொன்ன அதே கட்டில்தான். அது வளராது."

சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, வைத்த பிறகு பாயை இன்னொரு தரம் அளந்தேன்.

அடுத்த நாள் காலை பட்டா வந்தது. சாரதி ஐம்பது வயது மதிக்கத்தக்க நகரத்துக்காரர். மகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினேன். கையில் ஒரு பை. அதில் மகளின் உடுப்பு, பால்மா, அதற்கு அடியில் தோய்த்து மடித்த இரண்டு வெள்ளை விரிப்பு. மெத்தை அழுக்காகக் கூடாது, அடுத்த நோயாளிக்கும் போகவேண்டியது என்று நானா சொல்லியிருந்தார். சொன்ன வேலையைச் சொன்னதற்கு ஒரு படி மேலே செய்யாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

மூதூரில் கட்டிலைக் கண்டதுமே கையால் சாண் போட்டு அளந்தேன். நானா சொன்ன ஆறேகால் அடி மெத்தையின் நீளம். இரும்புச் சட்டமும், கால்மாட்டில் நீட்டிக்கொண்டிருந்த சுற்றுகிற கைப்பிடியும், சில்லுகளும் சேர்ந்து பட்டாவின் தட்டை விட நீளம். கழற்றலாம் என்றால் ஆணிகள் துருவேறி இறுகியிருந்தன.

"மெத்தையைத்தான் அளந்து போட்டன், தங்கச்சி" என்று நானா தலையைச் சொறிந்தார். "படுக்கிற ஆளுக்குக் காணுமோ எண்டுதான் கேக்கிறீங்க எண்டு நினைச்சன். வாகனத்துக்கெண்டு விளங்கேல்லை."

பிழை அவருடையது என்று எனக்குத் தோன்றவில்லை. நான் மூன்று முறை போன் எடுத்தும் மூன்று முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். எதை அளந்தீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. மூதூரிலேயே ஒரு கன்டர் பிடிக்கலாமா என்று விசாரித்தோம். நாளைக்குத்தான் வரும் என்றார்கள். நாளைக்கு என்றால் கட்டில் கிண்ணியாவுக்கு.

"பின்கதவைத் திறந்து விட்டிட்டுப் போவம் பிள்ளை" என்றார் சாரதி. "ஒரு முழம் வெளியில நிக்கும். மெல்லமாப் போனால் ஒண்டும் ஆகாது."

பள்ளிவாசலுக்கு வந்திருந்த ஆண்கள் நாலைந்து பேர் கட்டிலைத் தூக்கி ஏற்றித் தந்தார்கள். தலைமாட்டை உயர்த்தியபடியே விட்டு, அதன் அடியில், கட்டிலோடு சேர்த்துச் சங்கம் தந்த சக்கரக் கதிரையை மடக்கி வைத்தார்கள். மெத்தைக்கு மேல் போட சாரதி தன் தறப்பாளை எடுத்து உதறினார். முதல் நாள் அதில் கருவாடு வந்திருக்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லி, என் வெள்ளை விரிப்பு இரண்டையும் எடுத்துத் தலையிலிருந்து கால் வரை சுருக்கமில்லாமல் மூடிக் கயிறு போட்டுக் கட்டச் சொன்னேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனை பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். சிவப்புத் துணி அங்கே கிடைக்கவில்லை. சாரதி ஒரு தென்னோலையைக் கிழித்துக் கட்டினார். இரண்டு பக்க சிக்னல் விளக்கையும் மின்னவிட்டார்.

புறப்படும்போது நானா சாளரத்தருகே வந்தார். "அங்க இறக்கிறதுக்கு ஆக்கள் இருக்கினம்தானே?"

ஓம் என்று தலையாட்டினேன். இல்லை. அதை நான் யோசிக்கவே இல்லை. தட்டை அளந்தேன், ஒழுங்கையை அளந்தேன், கரண்ட் வயரின் உயரத்தைக்கூடக் கம்பு பிடித்துப் பார்த்தேன். இந்த இரும்பை யார் இறக்குவது? வீட்டு வாசல் என்ன அகலம்? கட்டில் அதற்குள் போகுமா? பகலில் எங்கள் ஒழுங்கையில் ஆண்கள் வீட்டில் இருப்பது குறைவு. கடலுக்குப் போய் வந்தவர்கள் படுத்திருப்பார்கள், மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். மாமாவை இரண்டு மணிபோல வார்ட்டிலிருந்து விடுவார்கள். அவர் வரும்போது கட்டில் வாசலில் வெயிலில் நின்றால்?

வழியெல்லாம் இதே யோசனை. அதனால்தான் நடந்தது எதுவும் எனக்கு ஏறவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கிண்ணியாவில் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைக் கண்டதும் இறங்கி ஓரமாக நின்றார். நகரத்தில் ஒரு பஸ் எங்களுக்காக நின்றது. இந்த ரோட்டில் பஸ் யாருக்கும் நிற்பதில்லை. சந்தியில் நின்ற பொடியன்கள் கதையை நிறுத்தினார்கள், ஒருவன் தொப்பியைக் கழற்றினான். குழந்தையோடு ஒரு பெண் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறாள் என்று சனம் இவ்வளவு மரியாதை தருகிறதே என்று மனம் குளிர்ந்தது. உப்புவெளி தாண்டும்போது மகள் குடித்த பாலையெல்லாம் என் மேல் வாந்தி எடுத்துவிட்டாள். குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். தூசி விழுந்து கண் வேறு கலங்கியிருந்தது. எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டு அண்ணை அந்த நேரம் மோட்டார் சைக்கிளில் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்த்தார். பின்தட்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக முன்னே போய்விட்டார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இறக்க வரச் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

சல்லிக்குத் திரும்பும் இடத்தில் சாரதி வாகனத்தை ஓரங்கட்டினார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லட்டோ? குறை நினைக்காதேங்கோ."

"சொல்லுங்கோ அண்ணை."

"வெள்ளைத் துணி. ஓலை. ரெண்டு சிக்னல். இந்த வேகம். முன்னுக்கு நீங்கள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு இருக்கிறீங்கள். சனம் தொப்பி கழட்டுது." பின்தட்டைக் கையால் காட்டினார். "ஆஸ்பத்திரியால பிரேதம் கொண்டு வாற மாதிரியெல்லே இருக்கு."

திரும்பிப் பின் கண்ணாடியால் பார்த்தேன். உயர்ந்த தலைமாடு, கீழே நீண்டு படுத்த வெள்ளை. அப்படித்தான் இருந்தது.

"எப்ப கண்டனீங்கள்?"

"கிண்ணியாவிலயே விளங்கிட்டு. பஸ்ஸெல்லாம் வழி விடுறாங்களே எண்டு நானும் பேசாமல் வந்தனான்."

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் அண்ணையின் குனிந்த தலை நினைவுக்கு வந்தது. மாமிக்குப் பிரஷர் இருக்கிறது. அண்ணை அவரிடம் போய் என்ன சொல்லியிருப்பார்? கணவருக்கு எடுத்தேன், வேறு யாரோடோ கதைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னது. மாமிக்கு எடுத்தேன், அதுவும் அப்படியே. கெதியாப் போங்கோ அண்ணை என்றேன். பின்கதவு திறந்த வாகனத்தில், மணல் ஒழுங்கையில், கெதியாக எப்படிப் போவது?

ஒழுங்கை நிறைய ஆட்கள். படுத்திருந்தவர்கள் எல்லாம் எழும்பி வந்திருந்தார்கள். வேலிக்கரையில் பிளாஸ்டிக் கதிரைகள் அடுக்கி வைத்திருந்தது, இரண்டு பேர் கொட்டகைக்குத் தடி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலையை முடிந்துகொண்டு கும்பலாக நின்றார்கள். எங்களைக் கண்டதும் ஒருத்தி அழத் தொடங்கினாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மோட்டார் சைக்கிள் அண்ணை முன்னால் வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். அவர் கண் சிவந்திருந்தது.

"தங்கச்சி, மனதைத் திடப்படுத்துங்கோ. மாமிக்கு இன்னும் சொல்லேல்லை. குசினிக்குள்ள வைச்சிருக்கிறம்."

"அண்ணை, அது கட்டில்" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று நினைத்திருக்கிறார். நான் மகளை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய்க் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இறுகிக் கிடந்தது. "விடு பிள்ளை, விடு" என்று இரண்டு பெண்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். சாரதி வந்து ஒரு கையால் முடிச்சை உருவி, விரிப்பைச் சுருட்டி எடுத்தார்.

வெறும் மெத்தை. பக்கக் கம்பி. மடக்கிய சக்கரக் கதிரை.

அழுகை நின்றது. அந்த அமைதிக்குள் மாமி குசினியிலிருந்து போனைக் காதில் வைத்தபடி வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அக்கா, கையெல்லாம் மீன் செதில்.

"ஓமப்பா, கட்டில் வந்திட்டு. வையுங்கோ" என்று போனில் சொன்னார் மாமி. பிறகு எங்களைப் பார்த்தார். "தேத்தண்ணி சுடேல்லை எண்டு இவ்வளவு நேரமும் ஒரே ஏச்சு, மனுசன். என்ன இது, ஊரே நிக்குது?" எதிர்வீட்டு அக்கா பக்கம் திரும்பினார். "அப்ப நினைச்சனான். இவள் ஒருநாளும் எனக்கு மீன் வெட்டித் தந்ததில்லையே எண்டு."

முதலில் சிரித்தது எதிர்வீட்டு அக்காதான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. "மாமனை உசிரோட அனுப்பி வைக்கப் பாத்திட்டாள் மருமகள்" என்று ஒருவர். "அளந்து அளந்து கீறினவள், ஆளையும் அளந்திட்டாளாக்கும்" என்று இன்னொருவர். மோட்டார் சைக்கிள் அண்ணைக்கு விழுந்தது இன்னும் மோசம். "என்ர மகனுக்குப் போன் எடுத்துப் பாத்தனியோ?" என்று மாமி கேட்க, "எடுத்தனான், வேற கோலில நிக்குது எண்டது, அழுது சொந்தக்காரருக்குச் சொல்லுறான் எண்டு நினைச்சன்" என்றார் அவர். அந்த நேரம் அந்தப் போனில் மாமா தேத்தண்ணியைப் பற்றி முறைப்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

அங்கே நின்ற ஆண்களில் யாரையும் நான் கூப்பிடவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டிலைப் பிடித்தார்கள். எட்டுப் பேருக்கு மேல் இருக்கும். கட்டில் வாசலுக்குள் போகவில்லை, நான் பயந்தது போலவே. கொட்டகைத் தடி கொண்டுவந்த தச்சர் ஒருவரிடம் ஆயுதப்பை இருந்தது. அவர் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்தார். கட்டிலைப் பக்கவாட்டில் சரித்து, "அங்கால கொஞ்சம், இஞ்சால கொஞ்சம்" என்று நகர்த்தி நகர்த்தி உள்ளே கொண்டுபோனார்கள். சாளரத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தலைமாட்டின் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா மெத்தை மேல் அதே வெள்ளை விரிப்பைப் போடப் போனாள். மாமி அதைப் பறித்து மடித்து, பூப்போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கன்டரை எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு. கட்டில் முழுவதும் உள்ளே போயிருக்கும். பின்கதவு பூட்டியிருக்கும், ஓலை தேவைப்பட்டிருக்காது. ஒரு குஞ்சும் திரும்பிப் பார்த்திருக்காது. மூலைத் திருப்பத்தில் லொறி நிற்க, அந்த இரும்புக் கட்டிலோடு நானும் சாரதியும் கிணற்றடியில் நின்றிருப்போம். பிழையான வாகனத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிட, யாரும் கூப்பிடாமலே கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த அந்த ஒழுங்கைக்கு. அங்கே மருமகளாக வந்து நாலு வருடம். ஒரு அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாதவளாகத்தான் அதுவரை இருந்தேன்.

மாமா வந்த வான் ஒழுங்கைக்குள் நுழையும்போது ஒருவரும் கலைந்திருக்கவில்லை. மாமி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றியிருந்தார், அடுக்கி வைத்திருந்த கதிரைகளை எடுத்துப் போட்டு அவர்கள் அமர்ந்திருந்தார்கள். மாமாவைத் தூக்கக் கைகள் தயாராக நின்றன. கட்டிலில் படுத்து மூச்சு வாங்கியதும் அவர் வெளியே பார்த்தார்.

"ஏன் இவ்வளவு கதிரை?"

கணவர் என்னைப் பார்த்தார். மாமிதான் சொன்னார், மூடி மறைக்காமல்.

"உங்கட செத்தவீட்டுக்கு."

முழுக் கதையையும் கேட்டு மாமா சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலிக்கிறது என்று ஏசிக்கொண்டே சிரித்தார். பிறகு பசிக்கிறது என்றார். மாமி சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து, மீனை முள் எடுத்துக் கொடுக்க, சோறு முழுவதையும் சாப்பிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். நான் கதவு இல்லாத வாசலில் நின்று அதைப் பார்த்தேன். என் கணவரும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா விசாரிக்கத் தொடங்கினார். ஆர் ஆர் வந்தது, ஆர் அழுதது, ஆர் கொட்டகைத் தடி கொண்டு வந்தது. மாமி ஒவ்வொருவராகச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில பெயர்களுக்குத் தலையை ஆட்டினார். ஒரு பெயரைத் திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "அப்ப அவன் வரேல்லையோ?" என்று இரண்டு மூன்று பேரைக் கேட்டார்.

அந்தக் கதை எப்படித்தான் வெளியே போனதோ தெரியாது. அடுத்த நாளிலிருந்து, வராதவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். ஒருவர் வாழைப்பழச் சீப்போடு வந்து, தான் அன்றைக்கு இறக்கக்கண்டியில் வலை வாங்கப் போயிருந்ததாகச் சொன்னார். இன்னொருவர் மகளுக்குக் காய்ச்சல் என்றார். யாராவது படலையைத் திறக்கும் சத்தம் கேட்டால் மாமா என்னைக் கூப்பிடுவார். "பிள்ளை, தலைமாட்டை உயர்த்து." நான் கைப்பிடியைச் சுற்றுவேன். அவர் நிமிர்ந்து இருந்துகொண்டு, வருகிறவரின் காரணத்தை முழுதாகக் கேட்பார்.

"சரி சரி" என்பார் கடைசியில். "அடுத்த முறைக்கு வந்திடு."